ஒடுகத்தூர் பக்கம் வீட்டுக்கே வந்து சினை ஊசி போடும் தம்பிக்கு நாலு நட்சத்திரம்

பிரியாணிக் கடை ரிவியூ இல்லை, போன் ரிவியூவும் இல்லை. எங்கள் மாட்டுக்குச் சினை ஊசி போட, அதாவது உறைய வைத்த காளை விந்தைக் கருப்பைக்குள் விட வரும் ஒரு தம்பியைப் பற்றி எழுதுகிறேன். ஐந்துக்கு நாலு. அந்த ஒன்றை ஏன் கழித்தேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். நாலு ஏன் கொடுத்தேன் என்பதற்குத்தான் கொஞ்சம் இழுக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னைப் பற்றி ரெண்டு வரி சொன்னால்தான் இது புரியும். வேலூரில் விலங்கியல் படித்துவிட்டு ஊரை விட்டுப் போனவள் நான். 27 வருடம் காட்டு விலங்குகளின் இனப்பெருக்க ஆராய்ச்சியிலேயே ஓடிவிட்டது, போன வருடம்தான் அம்மாவோடு இருக்கலாம் என்று திரும்பி வந்தேன். என் வேலை என்ன என்று தெருவில் கேட்டார்கள், சொன்னேன். "சி.எம்.சி.யில கொயந்த இல்லாதவங்களுக்குப் பார்ப்பாங்களே, அந்த டாக்டரா நீ?" என்று மறுநாளே ஒரு அக்கா மருமகளின் ஸ்கேன் ஃபைலோடு வந்து நின்றார். இல்லக்கா, நான் மானுக்கும் சிறுத்தைக்கும் பார்த்தவள் என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் டீ ஆறிவிட்டது. அம்மாவுக்கோ வேறு கணக்கு. "காட்ல கீற யானைக்கெல்லாம் பார்த்தியே, வூட்ல கீற மாட்டுக்கு உன்னால ஆவாதா?"

ஆகாது. விந்தை உறைநிலையிலேயே வைத்திருக்கும் திரவ நைட்ரஜன் கேன் இல்லை, உறைவிந்து இல்லை, எல்லாவற்றுக்கும் மேல் கைப்பழக்கம் இல்லை. இந்த வேலை புத்தகத்தில் இல்லை, இடது கையில் இருக்கிறது. ஆசனவாய் வழியாகக் கையை விட்டு, கருப்பையின் கழுத்தை உள்ளேயிருந்தே பிடித்துக்கொண்டு, வலது கையில் இருக்கும் 'கன்' என்ற நீளக் கம்பிக் குழாயை அந்த மடிப்புகளுக்குள் நுழைத்துக் கருப்பையின் வாசலில் விந்தை விட வேண்டும். நான் பயிற்சியில் சில மாடுகளுக்குச் செய்திருக்கிறேன், அவ்வளவுதான். என் சர்வீஸ் முழுக்கச் செய்த கருவூட்டல்களை எண்ணினால் இந்தத் தம்பி அதை ஒரு மாதத்தில் முடித்துவிடுவார்.

இவர் வருவதற்கு முன்னால் வேறொருவர் வந்துகொண்டிருந்தார். பெயர் வேண்டாம். எங்கள் செவலை ஜெர்சி கலப்பு, மூன்றாம் ஈத்து. கன்று போட்டு ரெண்டரை மாதம் கழித்துப் பருவத்துக்கு வந்தது. காலையில் போன் செய்தோம், மறுநாள் சாயங்காலம் வந்தார். பருவமே 12 மணி நேரத்திலிருந்து 18 மணி நேரம்தான் நீடிக்கும், அது அடங்கிப் பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தில் முட்டை வெளியே வந்துவிடும், விந்தணு உள்ளே போய்ச் சில மணி நேரம் பதப்பட்டால்தான் அந்த முட்டைக்குள் நுழையவே முடியும். அதனால்தான் பருவத்துக்கு வந்த மாடு காலையில் கத்தினால் சாயங்காலம் ஊசி, சாயங்காலம் கத்தினால் மறுநாள் காலை என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். இவர் ஒரு முழு நாள் கழித்து வந்து, விந்து அடைத்த ஸ்ட்ரா என்ற சின்னக் குழாயை எடுத்து, உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துச் சூடாக்கினார். எனக்குப் பகீர் என்றது. கேனில் நைட்ரஜன் எவ்வளவு இருக்கிறது, குச்சி விட்டுக் காட்டுங்கள் என்றேன். "அதெல்லாம் கம்பெனி பாத்துக்கும் மேடம்." சரியாக 21ஆம் நாள் செவலை மறுபடி கத்தியது, சினை பிடிக்கவில்லை என்று அர்த்தம். மறுபடி அவரே வந்தார், மறுபடி அதே கதை. 42 நாள் தீவனம் தண்டம். அதற்கப்புறம் பால் சொசைட்டியில் விசாரித்துத்தான் இந்தத் தம்பியைப் பிடித்தோம்.

காலை ஆறரைக்குப் போன். "ஆயா, எப்போலர்ந்து கத்துது? கோழை கண்ணாடி மாதிரி வருதா, இல்ல கலங்கலா வருதா?" என்று ரெண்டு கேள்வி அம்மாவிடம் கேட்டார், சாயங்காலம் நாலுக்கு வருகிறேன் என்றார். நாலே காலுக்கு வந்தார். பைக்கின் பின்னால் மூன்று லிட்டர் கேன் கட்டியிருந்தது, அது வெயிலில் காயாமல் இருக்க ஈரச் சாக்கு சுற்றியிருந்தார். ஏப்ரல் மாதத்து வேலூர் வெயில் உங்களுக்குத் தெரியும், சொல்ல வேண்டியதில்லை. நான் கேட்பதற்கு முன்பே ஒரு மரக்குச்சியைக் கேனுக்குள் விட்டு எடுத்து ஆட்டினார், குச்சியில் பாதி உயரத்துக்கு வெள்ளையாக உறைபனி படர்ந்தது. அதுதான் நைட்ரஜனின் மட்டம். எனக்கு அப்போதே பாதி நிம்மதி.

அதற்கப்புறம் நடந்ததை நான் தொழில்காரியாகப் பார்த்தேன். ஒரு சின்னத் தெர்மாஸில் வெந்நீர், அதில் ஒரு தெர்மாமீட்டர், 37 டிகிரி வரும்வரை பச்சைத் தண்ணீர் கலந்துகொண்டே இருந்தார். கேனைத் திறந்து, ஸ்ட்ராக்கள் இருக்கும் குவளையைக் கழுத்துவரை மட்டும் தூக்கினார், கழுத்தைத் தாண்டி வெளியே எடுக்கவே இல்லை. நீளமான இடுக்கியால் ஒன்றை உருவி, வெந்நீரில் போட்டு, போனில் 30 விநாடி ஓடவிட்டார். எடுத்து டிஷ்யூ பேப்பரில் துளி ஈரம் இல்லாமல் துடைத்தார். கன்னைத் தன் சட்டையில் தேய்த்துச் சூடு ஏற்றி வைத்திருந்தார், அதில் ஸ்ட்ராவைச் செருகி, முனையைக் கத்தரியால் நேராக வெட்டி, மேலே பிளாஸ்டிக் உறையை மாட்டினார்.

இதில் ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. உள்ளே மைனஸ் 196 டிகிரி. அங்கே காலம் நின்றுவிடும், விந்தணு கெடவே கெடாது. ஆனால் குவளையை வெளியே தூக்கி வைத்துக்கொண்டு அரட்டை அடித்தால், இன்னும் உறைந்துதான் இருக்கிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே பனித் துகள்கள் மறுபடி வளர ஆரம்பித்து உயிரணுவின் சவ்வைக் கிழித்துவிடும். துடைக்காத ஒரு துளித் தண்ணீர் உள்ளே போனாலும் சாகும். சூடு ஏற்றாத கன்னில் போட்டால் குளிர் அதிர்ச்சியில் சாகும். கால் மில்லி ஸ்ட்ராவில் ரெண்டு கோடி விந்தணு வைத்து உறைய வைக்கிறார்கள். கை சுத்தமில்லாத ஒருவர் அவ்வளவையும் அரை நிமிடத்தில் கொன்றுவிடலாம், பார்க்கிற நமக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. 21 நாள் கழித்து மாடு கத்தும்போதுதான் தெரியும்.

இந்த உறைவிந்து ஊசியே ஒரு லேபிள் குழப்பத்தில் பிறந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். 1949ல் லண்டனில் போல்ஜ், ஸ்மித், பார்க்ஸ் என்று மூன்று பேர் சேவலின் விந்தைச் சர்க்கரைக் கரைசலில் உறைய வைத்துப் பார்த்துத் தோற்றுக்கொண்டே இருந்தார்கள். ஒருநாள் திடீரென்று பிழைத்தது. என்னடா என்று பாட்டிலைச் சோதித்தால் அது சர்க்கரையே இல்லை, லேபிள் மாறிப்போய் கிளிசரால் கலந்த வேறு கரைசல். வெண்ணிறக் களிம்பிலும் இருமல் மருந்திலும் இருக்கும் அதே கிளிசரால்தான். அதை நான் மாட்டுக் கொட்டகையில் நின்று சொல்லச் சொல்ல, தம்பி கையை உள்ளே விட்டபடியே "அப்போ நமக்குச் சோறு போடுறது ஒரு தப்பு லேபிளுதான்ன்றீங்க" என்றார். எனக்கு அந்த இடத்திலேயே அவரைப் பிடித்துவிட்டது.

ஊசி போடுவதற்கு முன் நடந்த ஒரு விஷயம்தான் எனக்கு முக்கியம். ஸ்ட்ராவின் மேல் பொடி எழுத்தில் காளையின் எண், இனம், தயாரித்த நிலையம், தேதி எல்லாம் அச்சாகியிருக்கும். தம்பி முதலில் எடுக்க இருந்த காளையின் எண்ணைப் படித்துவிட்டு, "ஆயா, செவலை எந்த ஊசிக்குப் பொறந்தது, எழுதி வெச்சிருக்கியா?" என்று கேட்டார். அம்மாவிடம் பழைய தினசரிக் காலண்டர் அட்டைகள் எல்லாம் ஒரு ஆணியில் தொங்கும். ஐந்தாறு வருடத்துக்கு முந்தைய அட்டையின் பின்னால் என் கூடப்பிறந்த தம்பி எழுதி வைத்திருந்தான். அதே எண். அப்பனையே மகளுக்குக் கட்டியிருப்போம். அந்தக் காளையின் ஸ்ட்ராவைத் தொடாமல் வேறு எண்ணை எடுத்தார்.

என் துறையில் இதற்குத்தான் உயிரை விடுவோம். எந்த மிருகக்காட்சி சாலையில் எந்த விலங்கு யாருக்குப் பிறந்தது என்று உலகம் முழுக்கப் பதிவேடு வைத்திருக்கிறோம், ஸ்டட்புக் என்போம். சொந்தத்துக்குள்ளேயே கலந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சிவிங்கிப்புலிதான் உதாரணம். எப்போதோ எண்ணிக்கை ரொம்பக் குறைந்துபோய், மிஞ்சியவை தங்களுக்குள்ளேயே பெருகியதால், இன்று அவை எல்லாமே கிட்டத்தட்ட ஒரு வீட்டுப் பிள்ளைகள் மாதிரி. 1983ல் டேவிட் வைல்ட், ஓ'பிரையன் குழு தென்னாப்பிரிக்கச் சிவிங்கிப்புலிகளின் விந்தைப் பார்த்தபோது நூற்றுக்கு 71 அணுக்கள் கோணல்மாணல். காலண்டர் அட்டையில் எழுதிவைக்க அதுகளுக்கு யாரும் இல்லை.

அம்மா இடையில் ஒரு கேள்வி கேட்டாள். "இது எத்தினி நாளுக்குத் தம்பி கெடாம இருக்கும்?" நைட்ரஜன் ஊற்றிக்கொண்டே இருந்தால் எத்தனை நாளானாலும் இருக்கும் ஆயா என்றார். அம்மா நம்பவில்லை. நான் குறுக்கே புகுந்தேன். அமெரிக்கப் புல்வெளியில் கருங்கால் ஃபெரெட் என்று கீரிப்பிள்ளை சைஸில் ஒரு பிராணி. அழிந்தே போச்சு என்று நினைத்தார்கள், 1981ல் ஒரு பண்ணை நாய் ஒன்றைக் கடித்து வீட்டு வாசலில் கொண்டுவந்து போட்டது, அப்போதுதான் இன்னும் இருக்கிறது என்று தெரிந்தது. கடைசியில் 18 மட்டும் பிடித்து வளர்த்தார்கள். அப்போது உறைய வைத்த விந்தை 20 வருடம் கழித்து எடுத்து ஊசி போட்டுக் குட்டி பிறந்தது. அம்மா யோசித்துவிட்டு, "செத்துப்போனவனுக்குக் கொயந்தையா, காலம் கெட்டுப்போச்சு" என்றாள்.

மாடு பருவத்துக்கு வந்ததை முதலில் கண்டுபிடித்தது நானும் இல்லை, தம்பியும் இல்லை, அம்மாதான். ராத்திரி மூன்று மணிக்கு எழுப்பி, "செவலை கத்திக்கினே கீது" என்றாள். அதற்கு முந்தின நாளே பால் அரை லிட்டர் குறைந்தது, தவிடு சரியாகத் தின்னவில்லை என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். என் வேலையில் முக்கால்வாசி இந்த ஒரு விஷயத்தைக் கண்டுபிடிப்பதிலேயே போனது. காட்டு விலங்கு கத்தாது, கத்தினாலும் நம்மிடம் கத்தாது. பாண்டா கரடி வருடத்துக்கு ஒருமுறை, ரெண்டு மூன்று நாள்தான் பருவத்துக்கு வரும், தவறினால் அடுத்த வருடம். பூனைக் குடும்பத்தில் பலதுக்கு ஆணோடு சேர்ந்தால்தான் முட்டையே வெளியே வரும், சும்மா போய் ஊசி போட்டால் ஒன்றும் ஆகாது. யானைக்கு, முட்டையை வெளியே வரவைக்கும் எல்.எச். என்ற ஹார்மோன் ஒரு சுற்றில் ரெண்டு முறை ஏறும், மூன்று வாரம் இடைவெளியில். முதல் ஏற்றம் வெறும் முன்னறிவிப்பு, ரெண்டாவதில்தான் முட்டை. இது புரிந்தபிறகுதான் நாள் குறிக்க முடிந்தது, 1999ல்தான் கருவூட்டல் மூலம் முதல் யானைக் குட்டி பிறந்தது, அதுவும் அமெரிக்காவில். நம் நாட்டில் மாட்டுக்கு 1939லேயே மைசூர் அரண்மனைப் பால் பண்ணையில் சம்பத் குமரன் ஆரம்பித்துவிட்டார். அந்த 60 வருட வித்தியாசத்தில்தான் என் சம்பளம் வந்தது. மாட்டுக்குத் தெரிந்தது எருமைக்கே சரியாகப் பொருந்தாது, புள்ளிமானுக்குத் தெரிந்தது கடமானுக்குப் பொருந்தாது. ஹைதராபாத்தில் 2006ல் புள்ளிமான் குட்டி, மறுவருடம் வெளிமான் குட்டி என்று ஊசி போட்டுப் பிறக்க வைத்தபோது நாங்கள் வேறு ஊரில் இருந்துகொண்டு லட்டு வாங்கித் தின்றோம்.

அப்புறம் சாணி. கூச்சப்படாமல் சொல்கிறேன், என் ஆராய்ச்சியில் பாதி சாணிதான். விலங்கைப் பிடித்து, மயக்கி, ரத்தம் எடுத்தால் அந்தப் பயத்திலேயே ஹார்மோன் எல்லாம் மாறிவிடும். சாணியில் அதன் எச்சம் வந்துவிடும், விலங்குக்கு நாம் வந்ததே தெரியாது. சினையா, பருவமா, மன அழுத்தமா, எல்லாம் அதிலிருந்தே பார்க்கலாம். விடிவதற்கு முன் டப்பாவோடு பின்னாலேயே போய், சூடு ஆறுவதற்குள் எடுத்து, நம்பர் எழுதி, ஐஸில் வைக்க வேண்டும். ஆந்திரப் பக்கத்துக் கவுண்டின்யா காட்டிலிருந்து பேர்ணாம்பட்டு, குடியாத்தம் பக்கம் யானை இறங்கினால் மாந்தோப்புக்காரர்கள் பட்டாசைத் தேடுவார்கள், நான் டப்பாவைத் தேடுகிற ஜாதி. மூன்று மாதம் கழித்துத் தம்பி சினை பார்க்க வந்தபோது நான் இதைச் சொன்னேன். கையை விட்டு ஒரு நிமிடத்தில் "சினைதான் அக்கா, இடது கொம்புல கீது" என்று (கருப்பையின் இடது கிளையைத்தான் கொம்பு என்பார்கள்) சொல்லிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டே "நீங்க இதுக்கு எத்தினி நாள் எடுப்பீங்க?" என்றார். சாம்பிள் லேப் போய் ரிசல்ட் வர ரெண்டு வாரம் என்றேன். ரொம்ப நேரம் சிரித்தார்.

இன்னொரு விஷயம், இதற்காகவே அரை நட்சத்திரம் கொடுக்கலாம். நடுவில் ஒருநாள் செவலை முன்காலை நொண்டியது. பழைய ஆள் என்றால் பையிலிருந்து ஒரு வலி ஊசியை எடுத்துப் போட்டிருப்பார், மனுஷனுக்குப் போடும் டைக்ளோஃபெனாக்கையே போட்டதை நான் பார்த்திருக்கிறேன். இந்தத் தம்பி, "நான் சினை ஊசி மட்டும்தான் அக்கா, காலுக்கு டாக்டரக் கூப்புடுங்க" என்று ஒதுங்கிக்கொண்டார். டாக்டர் வந்து மெலாக்சிகாம் என்ற வேறு வலி மருந்தைப் போட்டார், சரியாயிற்று. இதை ஏன் பெரிதாகச் சொல்கிறேன் என்றால், டைக்ளோஃபெனாக் போட்ட மாடு செத்து, அதைப் பாறுக் கழுகு தின்றால் சிறுநீரகம் கெட்டுச் செத்துவிடும். நான் சின்னப் பெண்ணாக இருக்கும்போது ஊருக்கு வெளியே மாடு செத்துக் கிடந்தால் கூட்டமாக வந்து உட்காரும். மாட்டுக்கு அந்த மருந்தை 2006ல் தடை செய்தார்கள், அதற்குள் நாடு முழுக்க நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் போய்விட்டது. வருடத்துக்கு ஒரே ஒரு முட்டை, குஞ்சு பெரிதாகி முட்டை வைக்க ஐந்து வருடம். ஹரியானாவில் பிஞ்சோரில் வளர்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடுகிறார்கள். தமிழ்நாட்டில் இன்று பார்க்க வேண்டுமென்றால் மாயாறு பள்ளத்தாக்குக்குப் போக வேண்டும்.

சரி, கழித்த ஒரு நட்சத்திரத்துக்கு வருகிறேன். முதல் குறை, கையுறை. தோள்வரை வரும் அந்த நீளப் பிளாஸ்டிக் உறையைக் கழற்றி எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் வீசிவிட்டார். ஆடு தின்றால் என்ன ஆகும் என்று சத்தம் போட்டபிறகு பொறுக்கிக்கொண்டு போனார், அடுத்தமுறை ஒரு சாக்குப்பை கொண்டுவந்தார். ரெண்டாவது, ஒரு கொட்டகையிலிருந்து இன்னொரு கொட்டகைக்கு அதே செருப்போடு வருகிறார். கோமாரி காலத்தில் இது விளையாட்டு இல்லை, ரப்பர் பூட்ஸும் ஒரு வாளி பினாயில் தண்ணீரும் போதும். மூன்றாவது, தை பிறந்தால் மாடு விடும் திருவிழா முடியும்வரை பாதி நாள் போனை எடுப்பதில்லை. அவரும் ஒரு காளை வைத்திருக்கிறாராம், எந்த ஊரில் எத்தனை விநாடியில் ஓடியது என்று நமக்கு வீடியோ வேறு அனுப்புகிறார்.

கட்டணம் சாதா ஊசிக்கு எங்களிடம் 300 வாங்கினார், திரும்பி வந்து சினை பார்ப்பதற்குத் தனியாக வாங்கவில்லை. பெண் கன்றுக்கென்று பிரித்த ஸ்ட்ராவும் வைத்திருக்கிறார், விலை அதிகம். பெண் கன்று தரும் எக்ஸ் விந்தணுவில், ஆண் கன்று தரும் ஒய் விந்தணுவை விட டி.என்.ஏ. கிட்டத்தட்ட நூற்றுக்கு நாலு பங்கு கூடுதல், அதை வைத்து மெஷின் ஒவ்வொன்றாகப் பிரிக்கிறது, பத்துக்கு ஒன்பது கிடேரிதான் வரும். அம்மா வேண்டாம் என்றுவிட்டாள். "சாமி குடுக்கிறத குடுக்கட்டும், 300 ரூபாய்ல."

காலண்டரில் 280 நாள் எண்ணி ஜனவரிக் கடைசியில் வட்டம் போட்டிருக்கிறேன். அம்மா அதற்கு நாலு நாள் முன்னால் இன்னொரு வட்டம் போட்டிருக்கிறாள், செவலை எப்போதும் முந்திக்கொள்ளுமாம். அவர் நம்பரை இங்கே போடவில்லை, ஒடுகத்தூர் பக்கம் எந்தப் பால் சொசைட்டியில் கேட்டாலும் கொடுப்பார்கள். செவ்வாய்க்கிழமை காலையில் மட்டும் கூப்பிடாதீர்கள், பொய்கைச் சந்தையில் இருப்பார், சத்தத்தில் காதில் விழாது.